பத்து ரூபா குறையுது

இரவு பத்தரைக்குப் பிறகு
ஊறணி வாடகை அறையில்
சீமேந்துத் தரையின் மேல் கம்பளியை விரிக்கிறேன்.
குத்தி விழுந்தால் சத்தம் வரக்கூடாது.
பக்கத்து அறைக்காரருக்குக் கச்சேரியில் வேலை,
எதையும் எழுத்தில் தரச்சொல்லிக் கேட்பவர்.

பதினொரு மூலையுள்ள பத்து ரூபாக் குத்தி.
பெருவிரலடிச் சதைக்கும் எதிர்ச் சதைக்கும் நடுவில்
அது தன்பாட்டில் குந்தியிருக்கவேண்டும்.
இறுக்கினால் பெருவிரல்
அவித்த நண்டுக்காலாய் விறைத்துவிடும்.
பார்க்கிறவன் ஒன்றும் கேட்கமாட்டான்,
விளங்கிக்கொள்வான்.

முதல் மூன்று மாதம் வீண்.
ஒரு கிழமையில் எட்டு வித்தை தொடங்கி
எட்டையும் பாதியில் விட்டேன்.
மறுகா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்:
வலக்கையிலிருந்து இடக்கைக்குக்
கொடுப்பதுபோல் கொடுக்காமல் விடுவது.

அதற்கு நான் பழகிய நேரத்தில் முக்கால்வாசி
உண்மையாகவே கொடுத்ததுதான்.
நூறு தரம் கொடுத்தேன்.
கொடுத்த கை எப்படி இளகுகிறது,
வாங்கிய கை எப்படிக் கொஞ்சம் கனக்கிறது,
தோள் எந்தப் பக்கம் சரிகிறது,
கண் யாருக்குப் பின்னால் போகிறது.
நூற்றியோராவது தரம் கொடுக்கவில்லை.
கண் இடக்கைக்குப் பின்னால் போயிற்று,
பழக்கத்தில்.

கண்ணாடி முன்னால் நின்று பழகிய காலம்
நான் ஒருநாளும் பிடிபட்டதில்லை.
போனைப் பால்மா டின்னில் சாய்த்துவைத்து எடுத்துப் பார்த்தேன்:
குத்தி மறையும் அந்த நொடி
ஒவ்வொரு தரமும்
நானே கண்ணை மூடியிருக்கிறேன்.

பகலில் திருமலை வீதிக் கிளை, மூன்றாம் கவுண்டர்.
மீன்செதில் ஒட்டின ஐந்நூறுகள்,
வெல்லாவெளி அறுவடை முடிய
சப்பி மணக்கும் ஆயிரங்கள்.
ஏறாவூர் ஹிதாயா உம்மா
நான் எண்ணிக் கொடுத்ததைத் திரும்ப எண்ணுவார்.
எண்ணும்போது என் கையைப் பார்க்கமாட்டார்.
முகத்தைப் பார்ப்பார்.
அவருக்கு முன்னால் ஒரு வித்தையும் காட்டுவதில்லை.

போன வியாழன் பின்னேரம்
கணக்கு முடிக்கும்போது
பத்து ரூபா குறைந்தது.
மஃபாஸ் ஒருமுறை எண்ணினான். டெல்றின் ஒருமுறை.
இலாச்சியைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினோம்.
ஒரு குண்டூசியும், முன்பிருந்தவரின் சீப்பும்.

முகாமையாளர் தவரூபி கதவடியில் நின்று சிரித்தார்.
வருடமுடிவு ஒன்றுகூடலில்
அவர் காதுக்குப் பின்னாலிருந்து குத்தி எடுத்தவன் நான்.
“எங்க தம்பி, கைய விரியுங்க பாப்பம்.”

பகிடிதான்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
இடக்கையை விரித்தேன், வெறுங்கை.
வலக்கையை விரித்தேன்.

எப்போதிருந்து அது அங்கே இருந்தது என்று தெரியாது.
அந்தக் கையால் முத்திரை குத்தியிருக்கிறேன்,
கையெழுத்து வைத்திருக்கிறேன்,
இரண்டு தரம் தொலைபேசி எடுத்திருக்கிறேன்,
டெல்றின் தந்த பட்டீசைத் தின்றிருக்கிறேன்.
பெருவிரல் எவ்வளவு இளகி,
எவ்வளவு சாதாரணமாய்.

ஒருவரும் கைதட்டவில்லை.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

எழுத்தில் தரச்சொல்லிக் கேட்டார்கள்.
கைதவறி நடந்துவிட்டது என்று எழுதினேன்.
அந்தக் கடிதத்தில் அதுதான் பொய்.
என் கை ஒருநாளும்
அவ்வளவு தவறாமல் இருந்ததில்லை.

ஒன்பது நாளாக வேறு பயிற்சி.
பிடித்திருக்கிறேன் என்று
பிடித்திருக்கும்போதே தெரியவேண்டும்.
தெரிந்ததும் விடவேண்டும்.
இதற்கு வீடியோ உதவாது.
சோறு தின்னும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது
உள்ளங்கையிடம் கேட்கிறேன்.
சிலவேளை சொல்கிறது.

இன்று இரவு கம்பளியைச் சுருட்டிவைத்தேன்.
பெருவிரல் விட்டது.
பதினொரு மூலையும் சீமேந்தில்
நொண்டி நொண்டி உருண்டுபோய்க்
கட்டிலடியில் விழுந்து அடங்க,

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
மூன்று தட்டு.